எட்ஜ் 830-இல் ஓஎஸ்எம் மேப்: ஒரு ப்ரொஃபைலில் வருது, ஒன்றில் வரலை, வழி கேட்டால் பினாங்குப் பாலத்தில் ஏற்றுது

சுங்கை_நிபோங்_சக்கரம் கேட்டது:

வணக்கம் அண்ணன்மார்களே. கருவி கார்மின் எட்ஜ் 830, சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ், ஐரோப்பாவில் வாங்கிக் கைமாறி வந்தது. உள்ளே ஐரோப்பா மேப் மட்டும்தான். பினாங்கில் திறந்தால் தீவின் ஓரமும் நாலைந்து பெரிய சாலையும் கோடாகத் தெரியுது, அவ்வளவே.

காசு கொடுத்து வாங்காமல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம், பலர் சேர்ந்து வரையும் இலவச மேப்) போடலாம் என்று பிபிபைக் தளத்தில் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரே கட்டமாக வளைத்து, "கார்மின் ஆன்ரோட்" வகையில் எடுத்தேன். ரோடு பைக்குக்கு அதுதான் என்று நினைத்தேன். ஸிப்பைப் பிரித்து உள்ளே இருந்த ஜிமேப்சப்.ஐஎம்ஜி ஃபைலைக் கருவியின் கார்மின் ஃபோல்டரில் போட்டாச்சு. கணினி மேக்புக்.

இப்போ நிலவரம் இதுதான். ரோடு ப்ரொஃபைலில் (ஒவ்வொரு வகை ஓட்டத்துக்கும் உள்ள தனி அமைப்பு) மேப் வருது. எம்டிபி (மவுன்டன் பைக்) ப்ரொஃபைலுக்கு மாறினால் பழையபடி வெறும் கோடு. ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வழி கேட்டால் பாலத்துக்குக் கொண்டுபோகுது. சைக்கிள் பாலத்தில் போகக் கூடாதே. கோலாலம்பூர் பக்கம் பார்த்தால் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) நுழைத்து, கார்டு உட்கார்ந்திருக்கும் பூம் கேட் வழியாக வெளியே விடப் பார்க்குது. உயரம் காட்டும் கான்டூர் கோடும் வேணும், தீவில் உள்ள பாலிக் புலாவ் ஏற்றத்துக்கு. எதை மாற்றணும்?

---

கோம்பாக்_கிராங்க் பதில்:

தம்பி, கருவியில் கோளாறு இல்லை. எடுத்த வகைதான் தப்பு. ஆன்ரோட் என்பது கார் ஓட்டுகிறவர்களுக்கான பாணி. சின்னப் பாதை, சைக்கிள் தடம் எல்லாம் அதில் கழிந்துபோயிருக்கும். அதே தளத்தில் அதே கட்டத்தை வளைத்து "கார்மின் சைக்கிள்" எடுங்க. லத்தீன்1 (ரோமன் எழுத்து மட்டும்), யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தும்) என்று இரண்டு இருக்கும். லத்தீன்1-ஐ எடுங்க. யூடிஎஃப்-8 மேப்பைப் புதிய ஃபர்ம்வேர் உள்ள கருவிகள் பல, பூட்டிய மேப் மாதிரி நடத்தி "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று தள்ளிவிடும். நம்ம ஊர்ச் சாலைப் பெயர் எல்லாம் ரோமன் எழுத்து மலாய்தானே, லத்தீன்1-இல் ஒரு எழுத்தும் கெடாது.

ப்ரொஃபைல் விஷயம்: எந்த மேப் ஓடணும் என்பதை எட்ஜ் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஆக்டிவிட்டி ப்ரொஃபைல் உள்ளே நேவிகேஷன், அதற்குள் மேப், அங்கே மேப் பட்டியல். எம்டிபி ப்ரொஃபைலில் அதைத் திறந்து ஓஎஸ்எம்-ஐ ஆன் பண்ணுங்க. ஐரோப்பா மேப்பை எல்லா ப்ரொஃபைலிலும் ஆஃப் பண்ணுங்க. வழி கணக்கிடக்கூடிய மேப் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஆனில் இருக்கணும். இரண்டு இருந்தால் படம் ஒன்றிலிருந்தும் வழி இன்னொன்றிலிருந்தும் வரும். எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஐரோப்பா ஃபைலை அழிக்கணும் என்றில்லை. 830-இல் 16 ஜிபி இருக்கு, கார்டு போடுகிற இடம் கிடையாது. இடம் போதலை என்றால் மட்டும் கணினியில் காப்பி எடுத்து வைத்துவிட்டு அழிங்க. அது அந்த ஒரு கருவிக்கென்று பூட்டியது. ஆனால் ஜிமேப்டிஇஸட் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அதில் கை வைக்காதீங்க. நேர மண்டலம் அதில்தான். ஜிமேப்பிமேப் என்பது நீங்க சொன்ன அந்தக் கோடு கோடான அடிப்படை மேப், அதுவும் இருக்கட்டும்.

மேப் ஃபைலின் பெயரையும் மாற்றிவிடுங்க. பழைய எட்ஜ்களுக்கு ஜிமேப்சப் என்ற பெயர் கட்டாயம், 830-க்கு எந்தப் பெயரும் ஓகே, ஐஎம்ஜி என்று முடிந்தால் போதும். "எம்ஒய்_சைக்கிள்" மாதிரி வைத்தால் அடுத்த தடவை எது புதுசு, எது பழசு என்று குழம்ப வேண்டாம்.

மேக் என்பதால் ஒன்று. ஃபைண்டரில் இழுத்துப் போட்டால் அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் உள்ள மறைந்த குட்டி ஃபைல் ஒன்றும் சேர்ந்து போகும். சில கருவிகள் அதையும் மேப் என்று படிக்கப் போய்த் திறக்கும்போதே தொங்கும். கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். அழித்துவிட்டு இஜெக்ட் பண்ணுங்க. இஜெக்ட் பண்ணாமல் கேபிளை உருவினால் ஃபைல் பாதியில் நிற்கும். அப்படி ஆகி லோகோவிலேயே நின்றால் மறுபடி கேபிள் மாட்டி அந்த ஐஎம்ஜியை அழித்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

---

வெல்ட்கீ_ஃபெர்ரி பதில்:

பாலம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் பாலம் 1985, 13.5 கிலோமீட்டர். இரண்டாவது 2014, 24 கிலோமீட்டர். இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஓஎஸ்எம்-இல் இவை மோட்டர்வே (அதிவேக நெடுஞ்சாலை) வகையில் இருப்பதால், சைக்கிள் பாணியில் கட்டிய மேப், சைக்கிள் மோடில் இருக்கிற கருவி, இரண்டும் சேர்ந்தால் பாலத்தில் ஏற்றவே கூடாது. ஏற்றுகிறது என்றால் ஒன்று அந்த ஆன்ரோட் மேப், அல்லது ப்ரொஃபைலின் ரூட்டிங் மோட் கார், மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறது. நேவிகேஷன், ரூட்டிங் உள்ளே போய் ரோடு சைக்கிளிங் என்று வையுங்கள். பாப்புலாரிட்டி ரூட்டிங் என்று ஒன்று இருக்கும், அது கார்மின் சொந்த மேப்பில் பதித்த தரவை நம்பியிருப்பது. ஓஎஸ்எம் மேப்பில் அதனால் ஒரு பயனும் இல்லை, ஆஃப் செய்துவிடலாம்.

அடுத்து வரும் சிக்கல் இதற்கு நேர் எதிர்: பாலமும் இல்லை, படகும் இல்லை, "வழி கணக்கிட முடியவில்லை" என்று நிற்கும். சைக்கிளில் மறுகரை போக இருப்பது ஃபெர்ரி ஒன்றுதான். வெல்ட் கீ பக்கம் ராஜா துன் ஊடா முனையம், அந்தப் பக்கம் சுல்தான் அப்துல் ஹாலிம் முனையம். மேப்பில் அந்தப் படகுக்கோடு இரண்டு முனையிலும் சாலைக்கோட்டோடு ஒரே புள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். அரை மீட்டர் இடைவெளி இருந்தால்கூடக் கண்ணுக்குச் சேர்ந்தது போலத் தெரியும். கருவிக்கு அது இரண்டு தனித் தீவு. தவிர்க்க வேண்டியவை பட்டியலில் ஃபெர்ரி இருந்து அது டிக் ஆகியிருந்தாலும் இதே பிழைதான் வரும். அதையும் பாருங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, தீவுக்கு ஒரு கோர்ஸ் (முன்கூட்டியே வரைந்து வைக்கும் வழி), பெருநிலத்துக்கு ஒரு கோர்ஸ் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது சுலபம். ஒரே கோர்ஸாக வைத்தால் படகு ஓடும் நேரத்தில் கருவி "பாதை விலகல்" என்று கத்திக்கொண்டே வரும், ஏனென்றால் படகு மேப்பில் இருக்கும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை.

---

எம்கேஜிமேப்_பித்தன் பதில்:

பூம் கேட் கதைக்கு வருவோம். மற்றவர்கள் தயாரித்த மேப்பை எடுத்தால் இதற்கு ஓரளவுக்கு மேல் தீர்வு இல்லை. நீங்களே கட்டினால் உண்டு. ஒரு மாலைப் பொழுது வேலைதான், பயப்படத் தேவையில்லை.

வேண்டியவை: ஜாவா, ஸ்ப்ளிட்டர், எம்கேஜிமேப் (ஓஎஸ்எம் தரவைக் கார்மின் மேப்பாக மாற்றும் மென்பொருள்), கடல் ஃபைல், எல்லை ஃபைல். கடைசி நான்கும் எம்கேஜிமேப் தளத்திலேயே இலவசம். மூலத் தரவு ஜியோஃபாப்ரிக் தளத்தில் "மலேசியா, சிங்கப்பூர், புரூணை" என்று ஒரே பொட்டலமாக இருக்கும், பிபிஎஃப் வடிவத்தில். தினமும் புதுப்பிக்கிறார்கள்.

ஸ்ப்ளிட்டர் அதைத் துண்டுகளாக வெட்டும். ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 1,600,000 புள்ளி என்பது அதன் வழக்கமான அளவு, மாற்ற வேண்டாம். ஜாவாவுக்கு 4 ஜிபி நினைவகம் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் ஓட்டினால் பாதியில் "ஹீப் போதவில்லை" என்று விழும். பிறகு எம்கேஜிமேப். அதில் கொடுக்க வேண்டிய விருப்பங்களில் ஆளைக் கவிழ்ப்பவை இவை:

ரூட். இது இல்லாவிட்டால் படம் வரும், வழி வராது. இதை மறந்துவிட்டுக் கருவியைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

லிங்க்-பிஓஐஸ்-டு-வேஸ். உங்கள் பூம் கேட்டுக்கு மருந்து இதுதான். ஓஎஸ்எம்-இல் கேட் என்பது சாலைக்கோட்டின் மேல் ஒரு புள்ளி. சாலை வேறு, புள்ளி வேறு. இந்த விருப்பம் கொடுத்தால்தான் அந்தப் புள்ளியில் எழுதியிருக்கும் தடை சாலைக்குப் போய்ச் சேரும். கொடுக்காவிட்டால் கேட் படத்தில் ஐகானாக நிற்கும், வழி அதன் ஊடே தாராளமாகப் போகும்.

டிரைவ்-ஆன், மதிப்பு லெஃப்ட். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். இது தப்பாக இருந்தால் புலாத்தானில், அதாங்க ரவுண்டபவுட்டில், வெளியேறும் வழியைச் சொல்லும்போது உளறும்.

ப்ரிகாம்ப்-ஸீ, கடல் ஃபைலைக் காட்டுவது. வெட்டிய கட்டம் கரையோரத்தைப் பாதியில் அறுத்தால் எது கடல், எது நிலம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. பினாங்குத் தீவு முழுக்க நீலமாக மூழ்கிய மேப் வந்தால் காரணம் இது.

ஃபேமிலி-ஐடி. கொடுக்காவிட்டால் 6324 என்று அதுவே போடும். இரண்டு மேப் கட்டி இரண்டுக்கும் 6324 இருந்தால் ஒன்றின் நிறமும் கோடும் மற்றதில் ஏறும். காடு இளஞ்சிவப்பாகவும் ஆறு சாலையாகவும் தெரியும். ஒவ்வொரு மேப்புக்கும் வேறு எண் கொடுங்கள்.

இதோடு லத்தீன்1, இன்டெக்ஸ். இன்டெக்ஸ் இருந்தால் தெருப் பெயர் தேடலாம், ஆனால் இங்கே எல்லாத் தெருவும் "ஜாலான்" என்று தொடங்குகிறது; ஜே அழுத்தினால் பட்டியல் முடிவில்லாமல் ஓடும். ரோட்-நேம்-கான்ஃபிக் என்ற அமைப்பில் ஜாலான், லோரோங், லெபோ, பெர்சியாரான் இவற்றை முன்னொட்டு என்று எழுதிவைத்தால் அதற்கு அடுத்த சொல்லையும் வைத்துத் தேட முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. ஐரோப்பியர்கள் எழுதிய சைக்கிள் பாணிகள் சில, ட்ரங்க் (முக்கியப் பெருஞ்சாலை) வகைச் சாலையை முடிந்தவரை ஒதுக்கும். அவர்கள் ஊரில் அது பெரும்பாலும் கார்கள் பறக்கும் சாலை. இங்கே கூட்டரசுச் சாலைகள் பல ட்ரங்க் என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன, சைக்கிளுக்கு அனுமதியும் உண்டு. நேராகப் போக வேண்டிய வழி காரணமில்லாமல் கம்போங் கம்போங்காகச் சுற்றினால் சந்தேகப்பட வேண்டியது பாணியைத்தான்.

---

பாலிக்_புலாவ்_பெடல் பதில்:

கான்டூருக்கு எதையும் கட்ட வேண்டாம். ஓப்பன்டோப்போமேப் தளத்தில் கார்மினுக்கு நாடு வாரியாக ஐஎம்ஜி இருக்கும். மேப் ஒரு ஃபைல், கான்டூர் தனி ஃபைல். கான்டூரை மட்டும் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு ஆன் பண்ணினால் உங்க சைக்கிள் மேப்புக்கு மேலே கோடாக ஏறிக்கும். கான்டூர் ஃபைலில் வழித்தரவு கிடையாது, அதனால் "ஒன்றுதான் ஆனில் இருக்கணும்" என்ற விதி இதற்குப் பொருந்தாது.

ஆனால் அந்தக் கோட்டை ரொம்ப நம்பாதீங்க. இந்த மாதிரி கோடுகளுக்குப் பெரும்பாலும் மூலம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த உயரத் தரவு, எஸ்ஆர்டிஎம் என்பாங்க. ரேடார் காட்டில் பட்டுத் திரும்புவது இலைக் கூரைக்குப் பக்கத்தில், தரையில் இல்லை. பாலிக் புலாவ் ஏறும் ஜாலான் துன் சார்டோன், தெலுக் பாஹாங் அணை தாண்டி வரும் காட்டுச் சரிவு இங்கெல்லாம் சாலையை ஒட்டி ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் வெட்டவெளி. அதனால் சாலை திடீரென்று எழுந்து விழுவது போல உயரப் படம் வரும், 4 சதவீத ஏற்றத்தை 14 என்று காட்டும். கருவியில் உள்ள காற்றழுத்த மானி சொல்வதுதான் நம்பக்கூடியது. மிச்ச ஏற்றத்தைக் காட்டும் க்ளைம்ப்ப்ரோ எடுத்துக்கொள்வது கோர்ஸ் ஃபைலில் இருக்கும் உயரத்தை, மேப்பில் இருக்கும் கோட்டை அல்ல. அதனால் கோர்ஸை எந்தத் தளத்தில் வரைந்தீங்களோ அதன் தரவு நல்லதா என்று பாருங்க.

வெயிலில் இன்னொரு தொல்லை: கான்டூர், கட்டடம், கடை ஐகான் எல்லாம் ஆனில் இருந்தால் திரை நிறைந்து சாலையே தெரியாது, படம் வரையவும் தாமதமாகும். டீட்டெயிலை ஒரு படி குறைங்க. சமதரையில் கான்டூரை ஆஃப் பண்ணிடலாம், ஜெலுத்தோங் கடலோரத்தில் அது எதுக்கு?

---

கிள்ளான்_காற்று கேட்டது:

குறுக்கே ஒரு கேள்வி. ஊர்ப் பெயரைத் தமிழில் காட்ட முடியுமா? ஓஎஸ்எம்-இல் தமிழ்ப் பெயரும் சில இடத்துக்கு இருக்கே.

---

எம்கேஜிமேப்_பித்தன் பதில்:

எம்கேஜிமேப்பில் எந்த மொழிப் பெயருக்கு முன்னுரிமை என்று சொல்ல வழி இருக்கிறது. தமிழ், இல்லாவிட்டால் பொதுப்பெயர் என்று வரிசை கொடுக்கலாம். ஆனால் லத்தீன்1-இல் கட்டும்போது தமிழெழுத்தை ரோமனாகப் பெயர்த்துவிடும், அது படிக்கச் சகிக்காது. யூனிகோடில் (யூடிஎஃப்-8) கட்டினால் முன்பு சொன்ன பூட்டுச் சிக்கல். ஆக எட்ஜில் இது வேலைக்காகாது. கைப்பேசியில் ஓஎஸ்எம்அண்ட் ஆப் போட்டு மேப் மொழியைத் தமிழ் என்று வையுங்கள், தமிழ்ப் பெயர் பதிந்த இடமெல்லாம் தமிழிலேயே வரும்.

---

சுங்கை_நிபோங்_சக்கரம் எழுதியது:

நன்றி அண்ணா எல்லாருக்கும். சைக்கிள் வகை லத்தீன்1 போட்டாச்சு, மறைந்த குட்டி ஃபைல் நிஜமாகவே இருந்தது, அழித்தாச்சு. எம்டிபி ப்ரொஃபைலில் வருது. ரூட்டிங் மோட் மோட்டார் சைக்கிளில்தான் இருந்தது! மாற்றினதும் பாலம் ஏறலை, கோர்ஸை இரண்டாகப் பிரிச்சாச்சு.

மிச்சம் ஒன்று: கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா போகும் கோர்ஸ். ஜிபிஎக்ஸ் ஃபைலைப் போட்டேன். பழைய சாலையில்தான் கோடு இருக்கு, ஆனால் சில இடத்தில் காராக் நெடுஞ்சாலையில் இருப்பதாகக் காட்டித் திரும்பச் சொல்லுது என்று அங்கே ஓட்டுகிறவர்கள் சொல்றாங்க. மேப் தப்பா?

---

கோம்பாக்_கிராங்க் பதில்:

மேப் தப்பில்லை. கூட்டரசுச் சாலை 68, அந்தப் பழைய கோம்பாக்–பெந்தோங் சாலை, சில இடங்களில் காராக் நெடுஞ்சாலைக்கு ஒட்டினாற்போல, சில இடங்களில் அதன் அடியில் போகுது. மேலே பாலம், பக்கத்தில் மலை, தலைக்கு மேல் மரம். சிக்னல் பத்து இருபது மீட்டர் தள்ளினாலே பக்கத்துச் சாலை ஆகிடும். "லாக் ஆன் ரோடு" ஆனில் இருந்தால் கருவி கிட்டத்தில் இருக்கும் சாலையில் உங்க அம்புக்குறியை ஒட்டவைக்கும், அது நெடுஞ்சாலையாக இருந்தாலும். ஆஃப் பண்ணுங்க. அம்புக்குறி சாலைக்கு வெளியே கொஞ்சம் ஆடும், ஆடட்டும்.

அடுத்து, ரீகால்குலேஷனையும் ஆஃப் பண்ணுங்க. விலகினதாக நினைத்ததும் புது வழி போட ஆரம்பிக்கும். நீளமான கோர்ஸில் அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றம் முடிஞ்சிடும்.

திரும்பச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கு. ஜிபிஎக்ஸ் ட்ராக்கில் திருப்பம் என்று எதுவும் எழுதியிருக்காது, வெறும் புள்ளிதான். 830 அந்தப் புள்ளிகளைத் தன் மேப்பில் உள்ள சாலையோடு பொருத்திப் பார்த்துத் திருப்பத்தைத் தானே ஊகிக்குது. கோர்ஸ் வரைந்த மேப்பும் கருவியில் உள்ள மேப்பும் வேறு தேதி என்றால் ஊகம் தப்பும். இரண்டு வழி: டர்ன் கைடன்ஸை ஆஃப் பண்ணிவிட்டுக் கோட்டை மட்டும் பின்தொடருங்க, இல்லாவிட்டால் திருப்பக் குறிப்பு சேர்ந்த டிசிஎக்ஸ் ஃபைலாக எடுங்க. கோர்ஸை ப்ரௌட்டர் மாதிரி ஓஎஸ்எம் அடிப்படையில் ஓடும் தளத்தில் வரைந்தால் பொருத்தம் தானாகவே கூடும். ஃபைலை நியூஃபைல்ஸ் ஃபோல்டரில் போடுங்க, கேபிளைக் கழற்றியதும் கருவியே மாற்றி கோர்ஸஸ் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும்.

---

வெல்ட்கீ_ஃபெர்ரி பதில்:

பூம் கேட் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. நீங்களே மேப் கட்டினாலும், கேட் ஓஎஸ்எம்-இல் இருந்தால்தானே தடுக்கும்? பாதிக் கேட்டுகள் அங்கே இல்லை. கணக்கு ஒன்று திறந்து நீங்களே சேர்க்கலாம். சாலைக்கோட்டின் மேல் புள்ளி வைத்து, தடை வகை லிஃப்ட் கேட், அனுமதி ப்ரைவேட் என்று இரண்டு டேக். நடப்பவர்களையும் சைக்கிளையும் விடுகிற கேட் என்றால் அதையும் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் நல்ல குறுக்குவழியை எல்லோருக்கும் மூடிவிடுவீர்கள். நேரில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், வேறு கம்பெனி மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. எடிட் பண்ணத் தயக்கம் என்றால் அந்த இடத்தில் ஒரு நோட் விட்டால் போதும், யாராவது பார்த்துச் சரி செய்வார்கள்.

ஃபெர்ரி முனையப் புள்ளியையும் இதே மாதிரிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். திருத்தினால் ஜியோஃபாப்ரிக் பொட்டலத்தில் மறுநாள், அதற்கு அடுத்த நாள் வந்துவிடும். வாஹூ, ப்ரைட்டன், கரூ என்ற வேறு சைக்கிள் கருவிகள் வைத்திருப்பவர்களின் மேப்பும் ஓஎஸ்எம்தான், ஏன், கார்மின் சைக்கிள் மேப்பிலும் ஓஎஸ்எம் தரவு இருக்கிறது. ஆனால் அவர்கள் கம்பெனி அடுத்த முறை மேப் வெளியிடும்போதுதான் உங்கள் கேட் அவர்களுக்கு மூடும்.